தோற்றது வழுநீக்கியா, சோதனையா?

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. அந்த ஆய்வு மாணவி ஆய்வகத்துக்கு வந்து திரையைத் திறந்தபோது, இரவு முழுவதும் தானாக ஓடி முடித்திருந்த சோதனைகளின் பட்டியல் மேலிருந்து கீழ்வரை ‘தோல்வி’ என்றே காட்டியது. வெள்ளிக்கிழமை மாலையில் அவை அனைத்தும் தேறியவை. இடையில் வழுநீக்கியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கம்பைலர் மாறவில்லை, இயங்குதளமும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. ஆய்வகத்தின் இளைய மாணவன் ஒருவன், மிகுந்த பொறுப்புணர்வோடு, ஒவ்வொரு சோதனை நிரலின் தலையிலும் நான்கு வரி உரிமக் குறிப்பைச் சேர்த்திருந்தான். 23ஆம் வரியில் இருந்த கூற்று 27ஆம் வரிக்கு இறங்கிவிட்டது. ‘23ஆம் வரியில் நிறுத்து’ என்று எழுதப்பட்டிருந்த சோதனை வேறோர் இடத்தில் நின்றது, வேறொரு மதிப்பைக் கண்டது, தோற்றது.

“அக்கா, நான் குறிப்புரை மட்டும்தானே சேர்த்தேன்?” என்று அவன் மீண்டும் மீண்டும் கேட்டான். அவன் செய்ததில் தவறு எதுவும் இல்லை. உரிமக் குறிப்பு இருக்க வேண்டியதுதான். நான்கு வரிக் குறிப்புரைக்கே நொறுங்கும்படி சோதனைகளை எழுதியவள் அவள்தான்.

வேறொரு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டு, எண்களைத் திருத்திவிட்டு, அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். அன்று அவளால் சிரிக்க முடியவில்லை. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாளுக்குப் பத்தே நாட்கள் இருந்தன. அந்தக் கட்டுரையின் மையம் ஓர் அட்டவணை. கம்பைலரின் ஒவ்வோர் உகப்பாக்க நிலையிலும் வழுநீக்கி எத்தனை முறை தவறான தகவல் தருகிறது என்பதை அது எண்களாகக் காட்டியது. அந்த எண்கள் எல்லாம் இதே சோதனைகளின் தோல்விகளை எண்ணிப் பெற்றவை. குறிப்புரைக்குத் தோற்கும் சோதனைகள், இதற்கு முன் வேறு எவற்றுக்கெல்லாம் தோற்றிருக்கும்? தான் வழுநீக்கியின் குறைகளை எண்ணினாளா, தன் சோதனைகளின் குறைகளை எண்ணினாளா என்ற கேள்விக்கு அன்று காலை அவளிடம் விடை இல்லை.

வழுநீக்கி என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நடுவழியில் நிறுத்தி, அந்தக் கணத்தில் அதன் உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி. எந்தச் செயற்கூறில் நிற்கிறோம், யார் யாரை அழைத்து இங்கே வந்தோம், இந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லும். நிரலில் வழுவைத் தேடும் ஒருவர் அந்த விடையை நம்பித்தான் அடுத்த அடியை எடுத்துவைக்கிறார். விடை பொய்யானால் தேடலே திசைமாறிவிடும். ஆகவே வழுநீக்கியையும் சோதித்தாக வேண்டும்.

ஜிடிபி என்னும் வழுநீக்கியை 1986இல் எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அதனோடு வளர்ந்த சோதனைத் தொகுதி டெஜாக்னு என்ற சட்டகத்தின்மேல் நிற்கிறது; டெஜாக்னு, டான் லைப்ஸ் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் என்ற கருவியின்மேல் நிற்கிறது. எக்ஸ்பெக்டின் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஒரு மனிதர் விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பதைப் போல அது கட்டளையை அனுப்பும்; திரைக்கு வரும் எழுத்துகளைப் படிக்கும்; எதிர்பார்த்த வார்ப்போடு அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்தினால் தேர்ச்சி, இல்லையேல் தோல்வி. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே. வழுநீக்கியின் வெளியீடு மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. ஒரு சொல் மாறினாலும், ஓர் இடைவெளி கூடினாலும் மனிதர் பொருளைப் பிடித்துக்கொள்வார். வார்ப்புக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இந்தக் கருவிகளின் உலகம் அவளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஓரளவு அறிமுகமானது. தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஓர் அரசுத் தமிழ்வழிப் பள்ளியில் அவள் படித்தாள். கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் அச்சாயின. அதே 2001இல்தான் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். இவற்றை எல்லாம் அவள் பின்னாளில்தான் அறிந்தாள். அன்று அவளுக்குத் தெரிந்தது, பள்ளிக் கணினியில் தமிழில் தட்டச்சு செய்தால் தமிழ் தெரியும் என்பது மட்டுமே. அதுவே பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் எழுதிய சோதனை நிரலில் ‘கொழுந்து’ என்ற சொல்லை அவள் வைத்ததற்கும் அந்த மகிழ்ச்சியே காரணம். தொழிலாளர் ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தின் எடையைப் படித்து, சாக்கின் எடையைக் கழித்து, கூட்டித் தரும் மிகச் சிறிய நிரல் அது.

அந்த வாரம் முழுவதும் அவள் புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. பழைய தோல்விகளின் பதிவுகளை அச்செடுத்து, மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்துக் கட்டுகளாகப் பிரித்தாள். ‘இந்தத் தோல்விக்குக் காரணம் யார்’ என்பது மட்டுமே கேள்வி.

முதல் கட்டு, வடிவத்தை நம்பியதால் வந்த தோல்விகள். வரி எண் அதில் முதல் குற்றவாளி. இதற்கான மருந்தை அத்துறையினர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். ஜிடிபியின் சோதனைகளில், நிறுத்த வேண்டிய கூற்றின் அருகே ‘இங்கே நிறுத்து’ என்பதுபோல ஒரு குறிப்புரையை எழுதிவைப்பார்கள். சோதனை ஓடும்போது அந்தக் குறிப்புரை எந்த வரியில் இருக்கிறது என்று தேடிக்கொள்ளும் செயற்கூறு ஒன்று உண்டு. எல்எல்டிபியின் பைத்தான் சோதனைகளிலும் இதே வழக்கம் இருக்கிறது. கூற்று எங்கே நகர்ந்தாலும் குறிப்புரை அதோடு நகரும். இரண்டாவது குற்றவாளி இன்னும் சிறியது. ஜிடிபியில் ஒரு மதிப்பை அச்சிடச் சொன்னால் அது ‘$1 = 18’ என்று விடை தரும். அந்த 1 என்பது இதுவரை அச்சிட்ட மதிப்புகளின் வரிசை எண். நிரலோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. சோதனையின் தொடக்கத்தில் வேறு எதையேனும் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால், அடுத்த விடை ‘$2 = 18’ ஆகிவிடும். 18 சரிதான், சோதனை தோற்கும். இவளுடைய பழைய வார்ப்புகளில் பாதிக்கு மேல் அந்த வரிசை எண்ணையும் சேர்த்தே எதிர்பார்த்தன.

இரண்டாம் கட்டு, நேரத்தை நம்பியதால் வந்தவை. இவை ஒரு நாள் தேறும், மறுநாள் தோற்கும். வழுநீக்கியின் வெளியீடு சோதனைக் கருவிக்கு ஒரே மூச்சில் வருவதில்லை; துண்டு துண்டாக வருகிறது. எந்த இடத்தில் துண்டாகும் என்பது அந்தக் கணத்தில் கணினிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வார்ப்பு அவசரப்பட்டுப் பாதி விடையிலேயே பொருந்திவிட்டால், மீதி விடை அடுத்த சோதனையின் வாசலில் போய்க் கிடக்கும். அடுத்த சோதனை அதைத் தன் விடை என்று எண்ணித் தோற்கும். குற்றம் செய்தது ஒன்று, தண்டனை பெறுவது இன்னொன்று. இதைப் பிடிக்க ஜிடிபி உருவாக்குநர்கள் ஓர் எளிய தந்திரம் வைத்திருக்கிறார்கள். எழுத்துகளைப் படிக்கும் அமைப்பு அழைப்பை இடைமறித்து, ஒரு முறைக்கு ஒரே ஓர் எழுத்து மட்டும் வரும்படி செய்து, சோதனைத் தொகுதி முழுவதையும் ஓட்டுகிறார்கள். விடையின் இறுதி வரை காத்திருக்காத வார்ப்புகள் அப்போது வரிசையாக அகப்பட்டுக்கொள்ளும். எப்போதாவது நிகழும் கோளாறை எப்போதும் நிகழும்படி செய்துவிட்டால், அதன் பிறகு அதைத் திருத்துவது வெறும் வேலைதான்.

இந்தச் சிக்கல் வழுநீக்கிக்கு மட்டும் உரியதன்று. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்பாச்சி அறக்கட்டளையின் 51 மென்பொருள் திட்டங்களில், நிலையற்ற சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களை ஆராய்ந்தது. காரணம் வகைப்படுத்தப்பட்டவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில், சோதனை ஒரு நிகழ்வுக்காக முறையாகக் காத்திருக்காததே குறை. ‘இரண்டு நொடி உறங்கு, பிறகு பார்’ என்று எழுதும் பழக்கத்தின் விளைவு அது. வேகமான கணினியில் இரண்டு நொடி வீண். மெதுவான கணினியில் அது போதாது. நொடிகளை எண்ணாமல் நிகழ்வுக்குக் காத்திருப்பதே முறை. கூகுள் நிறுவனம் 2016இல் தன் சோதனைகளில் கிட்டத்தட்ட 16 விழுக்காடு ஏதோ ஓரளவில் நிலையற்றவை என்று வெளிப்படையாகச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்பது அவளுக்குச் சற்று ஆறுதல் தந்தது. அட்டவணையைக் காப்பாற்ற அது போதவில்லை.

மூன்றாம் கட்டு, சூழலை நம்பியதால் வந்தவை. ‘கொழுந்து’ இதில்தான் மாட்டிக்கொண்டது. அவளுடைய மடிக்கணினியில் வழுநீக்கி அந்தச் சொல்லை அழகாகத் தமிழில் காட்டியது. ஆய்வகத்தின் சோதனைக் கணினியில் அதே சொல் \340\256\225 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்கோவையாக வந்தது. காரணம் தெளிவானது. செய்திகளின் மொழி, எழுத்துக் குறியீடு, முனையத்தின் வகை முதலியவை இடத்துக்கு இடம் மாறுவதால், ஜிடிபியின் சோதனைத் தொகுதி ஓடும்போது அவை அனைத்தையும் மிக எளிய ஒரே நிலைக்கு இறக்கிவிடும். அந்த நிலையில் ஆஸ்கி அல்லாத எந்த எழுத்தும் எட்டடிமான எண்களாகவே அச்சாகும். \340\256\225 என்பது ‘க’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள். அதில் பிழை எதுவும் இல்லை. அவள் இந்த வேறுபாட்டையும் ‘வழு’ என்று தன் அட்டவணையில் எண்ணியிருந்தாள்.

அதைத் திருத்திய பிறகும் ஒரு தோல்வி எஞ்சியது. இளைய மாணவன் தன் கணினியில் அந்தச் சொல்லை மறுபடி தட்டச்சு செய்திருந்தான். திரையில் இரண்டு ‘கொழுந்து’களும் ஒன்றுபோலவே தெரிந்தன. பைட்டுகளை எண்ணிப் பார்த்தபோது ஒன்றில் மூன்று பைட்டுகள் கூடுதலாக இருந்தன. ஒருங்குறியில் ‘கொ’வை இரு வகையாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகள். ஒருங்குறித் தரம் இவ்விரண்டும் சமம் என்றே சொல்கிறது. படிப்பவருக்கும் அவை ஒன்றுதான். பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் சோதனைக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது தமிழில் தேடுபொறியோ அகராதியோ செய்த எவருக்கும் தெரியும். வழுநீக்கியின் சோதனைக்குள்ளும் அது வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, பிரித்த கட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். பாலக்காட்டிலிருந்து மூணாறு போவது கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போவதுதான். ஆனால் அவள் வழக்கமாகப் போகும் வழி நடுவில் தமிழ்நாட்டைக் கடக்கும். கோபாலபுரத்தில் ஓர் எல்லை, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாற்றில் மீண்டும் ஓர் எல்லை. சின்னாறு மழை மறைவுப் பகுதி. முட்புதரும் வறண்ட பாறையுமாக இருக்கும். மறையூர் தாண்டி மலை ஏற ஏற மண் ஈரமாகிக்கொண்டே வரும். மூணாற்றில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரவு, அடுப்படியில் அமர்ந்து, தன் வேலையில் என்ன சிக்கல் என்று அம்மா கேட்டபோது அவள் எளிமையாகச் சொல்ல முயன்றாள். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சரிபார்க்கும் முறை அதைத் தவறு என்கிறது என்றாள். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“எங்களுக்குத் தெரியாததா? மழ பெஞ்சா எலையில தண்ணி இருக்கும், கழிப்பாங்க. அது நாயம். வெயிலடிச்ச அன்னிக்கும் அதே கழிவக் கழிச்சா? தராசு சரியாத்தான் இருந்துச்சு பாப்பா. கழிவுதான் சரியில்ல.”

பிறகு அம்மா இன்னொன்றும் சொன்னார். ஒரு காலத்தில் எடை போட வந்த ஒருவர் இளகிய மனம் உடையவர்; எவரிடமும் வாதாட விரும்பாமல், கழிவே போடாமல் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்வார். முதலில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். சில நாட்களில் கொழுந்தோடு தடித்த இலையும் குச்சியும் சாக்கில் ஏறத் தொடங்கின. நன்றாகப் பறித்தவளுக்கும் எப்படியோ பறித்தவளுக்கும் ஒரே கணக்கு. “அதுவும் நாயமில்ல” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைத்தார்.

அந்த இரண்டாவது கதை அவள் மனத்தில் தங்கிவிட்டது. ஏனெனில் அந்த வாரம் அவள் செய்திருந்த திருத்தங்களில் ஒன்று அப்படிப்பட்டது. உகப்பாக்கம் கூடும்போது கம்பைலர் கூற்றுகளை முன்பின்னாக நகர்த்தும். சுழலின் எந்தச் சுற்றில் வழுநீக்கி நிற்கும் என்பது நிலைக்கு நிலை மாறும். ஒரு நிலையில் எடை 18 என்று வரும், இன்னொரு நிலையில் 21 என்று வரும். ‘18 வர வேண்டும்’ என்ற பழைய வார்ப்பு அதனால் தோற்றுக்கொண்டே இருந்தது. நொறுங்குதன்மையைக் குறைக்க வேண்டும் என்ற வேகத்தில், ‘ஏதேனும் ஓர் எண் வர வேண்டும்’ என்று அதைத் தளர்த்திவிட்டாள். எல்லா நிலைகளிலும் சோதனை தேறியது. பட்டியல் பச்சையாயிற்று. அவளும் அமைதியானாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குத் திரும்பியதும் முதலில் தோல்விகளைப் பார்க்கவில்லை. தேறியவற்றைப் பார்த்தாள். நிரல் ஒவ்வொரு சுற்றிலும் தான் கணக்கிட்ட எடையைத் தானே அச்சிடும்படி ஒரு வரி சேர்த்து, அதே இடத்தில் வழுநீக்கி சொல்லும் எடையோடு ஒப்பிட்டாள். பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒத்திருந்தன. சில இடங்களில் வழுநீக்கி ‘உகப்பாக்கத்தில் நீக்கப்பட்டது’ என்ற பொருளில் விடை சொன்னது. அந்த மாறி அந்தக் கணத்தில் எங்கும் இல்லை, ஆகவே மதிப்பைச் சொல்ல இயலாது என்பது அதன் கருத்து. ஓரிடத்தில் மட்டும், நிரல் 18 என்று அச்சிட்டிருந்தபோது வழுநீக்கி 21 என்றது. அது முந்தைய சுற்றின் எடை. வேறொரு தொழிலாளியின் எடை.

அதுதான் அவள் தேடிக்கொண்டிருந்த உண்மையான வழு. அது தோல்விகளின் குவியலில் இல்லை. தேர்ச்சிகளின் நடுவில் இருந்தது. அவளே தளர்த்திய வார்ப்பு அதற்கு வழிவிட்டிருந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தபோது பழி வழுநீக்கியின் மீதும் இல்லை. ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதி வரை எந்த ரிஜிஸ்டரில் இருக்கும் என்ற குறிப்பைக் கம்பைலர்தான் டுவார்ஃப் என்ற வடிவத்தில் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பு உண்மையான எல்லையைத் தாண்டி நீண்டிருந்தது. வழுநீக்கி தனக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பை நம்பி, பழைய மதிப்பை உண்மை என்று காட்டியது. எண் வந்ததா என்று மட்டும் கேட்ட சோதனை அந்தப் பொய்யைத் தேர்ச்சி என்று எழுதிக்கொண்டது.

தோல்விகள் மிகுந்தால் மனிதர் அவற்றைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். புலி வருது, புலி வருது என்ற கதைதான். வாளையாற்றுக் காட்டைக் கடக்கும் ரயில்கள் யானைகளுக்காக வேகம் குறைக்க வேண்டிய பாதையில் ஓடுகின்றன. 2021 நவம்பரில் அந்தத் தடத்தில், நவக்கரை அருகே, மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. எச்சரிக்கை மணி ஒவ்வொரு மானுக்கும் ஒலித்தால் ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தாமல் போகப் பழகிவிடுவார். அதற்காக மணியின் காதை அடைத்து, யானைக்கும் ஒலிக்காதபடி செய்தால், அமைதி கிடைக்கும், யானை பிழைக்காது. வழுநீக்கிச் சோதனையில் நொறுங்குதன்மையைக் குறைப்பதன் உண்மையான கடினம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எதற்குத் தோற்கக் கூடாது என்று முடிவு செய்வது எளிது. எதற்குத் தோற்றே ஆக வேண்டும் என்பதையும் கூடவே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு வழுநீக்கி நமக்கு என்ன வாக்குறுதி தருகிறது என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. வரி எண் 23 என்பது வாக்குறுதி அன்று. ‘$1’ வாக்குறுதி அன்று. நினைவக முகவரியும் அன்று. ‘மாறியின் மதிப்பைக் கேட்டால், அந்தக் கணத்தின் உண்மை மதிப்பைச் சொல்வேன், சொல்ல இயலாவிட்டால் இயலாது என்பேன், பொய் சொல்லமாட்டேன்’ என்பதுதான் வாக்குறுதி. சோதனை அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திசையில் சிந்தித்தவர்கள் இருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குரோமியம் உலாவியின் வழுநீக்கியை, தொடர்புடைய இரண்டு செயல்வரிசைகளில் ஓட்டி, விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பார்த்தது. சரியான விடை இதுதான் என்று முன்கூட்டி எழுதிவைக்க வேண்டிய தேவை அதில் குறைந்தது. 2021இல் ‘வழுநீக்கிகளை வழுநீக்குவது யார்?’ என்ற பொருள் தரும் தலைப்பில் வந்த கட்டுரை, ஒரே நிரலை உகப்பாக்கத்தோடும் உகப்பாக்கம் இன்றியும் ஓட்டி, இரண்டிலும் மாறாமல் இருக்க வேண்டிய உறவுகளைச் சரிபார்த்தது. ஜிடிபியின் தொகுதியிலும் கம்பைலரை நம்பாமல் வழுநீக்கியை மட்டும் சோதிக்க வேண்டிய இடங்களில், டுவார்ஃப் குறிப்பைச் சோதனையே நேரடியாக எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்போது தோல்வி வந்தால் அதன் காரணம் கம்பைலரா என்ற ஐயம் எழாது.

வழிகாட்டியிடம் அட்டவணையையும் கட்டுகளையும் ஒன்றாக வைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இந்த எண்களை இன்று மறுபடி ஓட்டினால் இதே எண்கள் வருமா?”

“வராது, சார்.”

“ஏன் வராது என்று உங்களால் ஒவ்வொன்றுக்கும் சொல்ல முடியுமா?”

“இப்போது முடியும்.”

“அப்படியென்றால் அந்த ‘ஏன்’தான் கட்டுரை. இந்த அட்டவணையை அனுப்ப வேண்டாம்.”

கடைசி நாள் கடந்து போனது. உடன் படிக்கும் இருவர் அந்த மாநாட்டுக்கு அனுப்பினார்கள், அவள் அனுப்பவில்லை. உதவித்தொகையின் காலக்கெடுவை நாட்காட்டியில் எண்ணிப் பார்க்கும் எந்த ஆய்வு மாணவருக்கும் அதன் பொருள் தெரியும். அவள் அதை வீட்டுக்குச் சொல்லவில்லை. தோல்விகளின் எண்ணிக்கை குறைந்தால் ஆய்வின் கனம் குறைந்துவிடும் என்ற அச்சம் சில இரவுகளில் அவளை விழித்திருக்க வைத்தது. ஆனால் பழைய அட்டவணையைக் கொண்டு, இல்லாத வழுக்களுக்காக வேறு எவரோ பல வாரங்களைத் தொலைத்திருப்பார்கள் என்பதையும் அவள் மறக்கவில்லை.

புதிய அட்டவணையில் ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்ற இரண்டு நிரல்கள் இல்லை. ‘உண்மை’, ‘தெரியாது’, ‘பொய்’ என்ற மூன்று இருக்கின்றன. ‘பொய்’யின் கீழ் வரும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குக் காரணம் வழுநீக்கியா, கம்பைலரா, சோதனையா என்று எழுதப்பட்டிருக்கிறது. சோதனைதான் காரணம் என்ற இடங்களையும் அவள் அழிக்கவில்லை. அந்த வகைத் தவறு எத்தனை விதமாக வரும் என்பதை அடுத்து வருபவர் அறிய வேண்டும் என்று விட்டுவைத்தாள். முந்தைய அட்டவணையோடு ஒப்பிட்டால் ‘பொய்’யின் கீழ் உள்ளவை மிகச் சில. அவற்றில் எதைக் கேட்டாலும் இன்று மறுபடி ஓட்டிக் காட்ட முடியும்.

போன வாரம் இளைய மாணவன் சோதனை நிரல்களின் தலையில் இன்னும் சில வரி குறிப்புரை சேர்த்தான். இம்முறை முன்கூட்டியே வந்து அனுமதி கேட்டான். இருவரும் சேர்ந்து சோதனைகளை ஓட்டினார்கள். எதுவும் தோற்கவில்லை. அவன் மகிழ்ச்சியோடு எழுந்தான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். நிரல் அச்சிடும் எடைகளில் ஒன்றை வேண்டுமென்றே ஒரு கிலோ கூட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள். அந்த ஒரு சோதனை மட்டும் தோற்றது. மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டு, இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.